ஒற்றைக் கோடு போட்ட உருளைக்கிழங்கு

இந்தத் தை மாதம் நிவேதா எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையில் இப்போது உணவியல் ஆலோசகராக இருக்கும் பெண் அவள். பிரம்மதேசத்தில் உள்ள எங்கள் கிராம மையத்துக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவரில் ஒரு பழைய உணவுப் படம் ஒட்டியிருந்ததாம். வட்டமான ஒரு சாப்பாட்டுத் தட்டு. அதில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பும் மீனும். காய்கறிப் பாதியில் இருந்த மூன்று உருளைக்கிழங்குகளின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. கீழே என் பெயரும் பட்டமும்.

படத்தோடு ஒரு குரல் செய்தியும் வந்தது. "மேடம், இது உங்க சார்ட்டுதானே? உருளைக்கிழங்க யாரோ அடிச்சிருக்காங்க மேடம். சின்னப் பசங்க யாராச்சும் கிறுக்கிட்டாங்களா?"

சின்னப் பசங்க அளவுகோல் வைத்துக் கிறுக்குவதில்லை. அந்தக் கோட்டைப் போட்டவள் நான்தான். "நான்தான்" என்று பதில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் "ஏன் மேடம்?" என்று அடுத்த செய்தி வந்துவிட்டது. மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றும் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். இதில் வரும் தவறு என்னுடையது என்பதால், அதை மற்றவர்கள் சொல்வதைவிட நான் சொல்வதே முறை.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனையியல் கல்லூரியில் ஐந்தாண்டுகள் பயின்றேன். உணவை எடை போடவும், அதிலுள்ள சத்தைக் கணக்கிடவும், "ஓ, சமையல் படிப்பா?" என்று கேட்கும் உறவினர்களிடம் பொறுமையாகப் பேசவும் அங்கே கற்றுக்கொண்டேன். மூன்றாவதில் மட்டும் நான் தேர்ச்சி பெறவில்லை.

வேலை கிடைத்தது மரக்காணம் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில். உப்பளக் கூலிகள், மீனவர்கள், கரும்பும் சவுக்கும் வைத்த விவசாயிகள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் வருவார்கள். தலைமை மருத்துவர் டாக்டர் எலிசபெத். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு விஷயம் அவருக்குப் பிடிக்கவில்லையென்றால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடுவார். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நான் பயந்த அளவுக்கு வேறெதற்கும் பயந்ததில்லை.

நோயாளிக் குறிப்பேட்டைப் பற்றி அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு போட வேண்டும். அடித்தது என்னவென்று படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். சேர்ந்த புதிதில் நான் ஓரிடத்தில் வெள்ளை மை பூசிவிட்டேன். அவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ என்ன எழுதியிருந்தீங்க, சரோஜினி?"

"மறந்துட்டேன் டாக்டர்."

"எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. அப்ப இந்த நோயாளிக்கு நேத்து என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

டக்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். எழுத்து அறியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உணவுத் தட்டைப் படமாக வரையத் தீர்மானித்தேன். ஓர் ஓவியரை ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். ஓர் ஓவியருக்கு ஊட்டச்சத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லி நானே வரைந்தேன். ஊட்டச்சத்தைப் பற்றித் தெரிந்திருந்தால் ஓவியம் வந்துவிடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கத்தரிக்காய் குடம் போல வந்தது. வெண்டைக்காய் பென்சில் போல வந்தது. புடலங்காயை வரைந்து காத்திருப்போர் அறையில் சோதனைக்காகக் காட்டியபோது, ஓர் அம்மாள், "தட்டுல பாம்ப எதுக்கும்மா வெச்ச?" என்று கேட்டார். அறை முழுவதும் சிரித்தது. அன்றே புடலங்காயை நீக்கினேன்.

உருளைக்கிழங்கு மட்டும் அப்படியே வந்தது. எனக்கு வட்டம் நன்றாக வரும். சற்றே நசுங்கிய வட்டம், மேலே மூன்று புள்ளிகள். பார்த்தவர் எல்லாரும் "உருளைக்கெழங்கு" என்று உடனே சொன்னார்கள். எனவே காய்கறிப் பாதியில், எல்லாவற்றுக்கும் முன்னால், மூன்று உருளைக்கிழங்குகளை வைத்தேன். கல்லூரியில் கிழங்குகளைக் காய்கறியோடு சேர்க்காமல் தனி வகுப்பாகவே படித்தவள் நான். இருந்தாலும் காய்க்கடையில் அது காய். வீட்டிலும் பொரியலாகச் சோற்றுக்குப் பக்கத்தில் வருவதால் காய். என் கையும் அதைக் காய் என்றது. "காய் வயிறு நிறைய" என்று தடித்த எழுத்தில் எழுதினேன். "தயாரிப்பு: வி. சரோஜினி, எம்.எஸ்ஸி." என்று அதைவிடத் தடித்த எழுத்தில் எழுதினேன். படம் அச்சாகி இரும்பை, பிரம்மதேசம், பெரிய முதலியார்சாவடி என்று எங்கள் மையங்கள் எல்லாவற்றுக்கும் போயிற்று. "சரோஜினி மேடம் சார்ட்டு" என்றே அதற்குப் பெயர். அந்தப் பெயரை நான் திருத்த முயலவில்லை.

அடுத்த ஆண்டு உப்புப் பருவத்தில் அஞ்சலை வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், உப்பளத்தில் பத்துப் பெண்களுக்கு மேஸ்திரி. வலது காலின் பெருவிரலில் ஆறாத புண். சர்க்கரை மிக அதிகம். டாக்டர் மாத்திரை தொடங்கினார், செவிலியர் கட்டுப் போட்டார். உணவு என் பொறுப்பு. சோற்றை அளந்து உண்ண எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொடுத்தேன். உப்பளக் கொட்டகையில் மாட்டிக்கொள்ள என் படத்தையும் கொடுத்தேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் வந்ததும், முந்திய நாள் விழித்தது முதல் படுத்தது வரை உண்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் செய்வேன். "இதைச் சாப்பிட்டாயா, அதைச் சாப்பிட்டாயா" என்று கேட்டால் மக்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். ஆகவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது முறை. அந்த முறையில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"நேத்து காலையில எழுந்து முதல்ல வாயில என்ன போட்டீங்க?"

"பேஸ்ட்டு."

"அப்புறம்?"

"தண்ணி ஊத்திக் கொப்புளிச்சேன்."

"அப்புறம் அஞ்சலை."

"துப்பிட்டேன் மேடம். முழுங்கலாமா?"

செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுதிக்கொண்டே போனேன்.

"மத்தியானம்?"

"நீங்க குடுத்த டம்ளர்ல ஒரு டம்ளர் சோறு. வெரலால தலையத் தட்டி அளக்கறேன் மேடம், ஒரு பருக்க மேல போவாது."

"அப்புறம்?"

"காய்."

"எவ்வளவு?"

"படத்துல போட்டுருக்கீங்களே, வயிறு ரொம்ப."

"நல்லது" என்று எழுதினேன். போகும்போது கதவருகே நின்று, "வரேங்க மேடம்" என்பாள். சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை.

நான்கு செவ்வாய்க்கிழமைகள் கடந்தன. சர்க்கரை இறங்கவில்லை, சற்று ஏறியது. விரலின் நிறம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

"மாத்திரைய ஏத்திட்டே போறேன் அஞ்சலை, கேக்க மாட்டேங்குது. ஊசியும் ஆரம்பிக்கிறேன். இன்னும் மூணு வாரம் பார்ப்பேன். அதுக்குள்ள இது அடங்கலைன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்பி விரல எடுக்க வேண்டியிருக்கும். உயிருக்கு அதுதான் நல்லது."

அஞ்சலை விரலைப் பார்த்தாள். "கட்ட வெரலு போச்சுன்னா பாத்தியில எப்படிம்மா நிப்பேன்? சேறு வழுக்கும். கட்ட வெரல ஊனிக்கினுதான் உப்பு வார்ற பலகைய இழுக்கணும். நிக்க முடியாதவள எவன் மேஸ்திரியா வெச்சுப்பான்?"

அவளை என் அறைக்கு அழைத்துச் சென்றேன். என் படம் தவறாக இருக்க முடியாது; அவள் அதைப் பின்பற்றினால் சர்க்கரை ஏற முடியாது; எனவே அவள் பின்பற்றவில்லை. இது தர்க்கம் என்று அப்போது நினைத்தேன்.

"அஞ்சலை, உண்மையைச் சொல்லுங்க. கல்யாணம், காதுகுத்துன்னு எங்கேயாவது போய் நல்லா சாப்பிட்டுட்டு வந்து, என்கிட்ட ஒரு டம்ளர்னு சொல்றீங்களா?"

"நான் பொய் சொல்றேன்றீங்களா?"

குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன்.

"இன்னா எழுதறீங்க?"

"குறிப்பு."

"படிங்களேன், கேப்போம்."

"அது டாக்டருக்கு."

அவள் எழுந்தாள். நொண்டிக்கொண்டே கதவைத் தாண்டிப் போனாள். அன்று "வரேங்க" என்று சொல்லவில்லை.

மாலையில் டாக்டர் எலிசபெத் அந்த இரண்டு வரிகளைப் படித்தார். டக்.

"பொய் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க சாப்பிடறப்போ பார்த்தீங்களா?"

"யூகம்தான் டாக்டர். ஆனால் அனுபவத்தின் அடிப்படையில்."

"நோயாளி சொல்றதும் ரத்தம் சொல்றதும் ஒத்துப் போகலைன்னா, நாம சரியா கேக்கலைன்னும் அர்த்தம் இருக்கு. நாளைக்கு மத்தியானம் உப்பளத்துக்குப் போங்க. அவங்க சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கற நேரத்துக்கு அங்க இருக்கணும். குடை எடுத்துக்குங்க. இந்தச் செருப்போட போகாதீங்க."

குடை எடுத்துக்கொண்டேன். செருப்பு விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் குதி உயர்ந்த செருப்பும் அணிந்துதான் நான் எங்கும் போவது வழக்கம். உப்புப் பாத்திகளுக்கு இடையே வரப்பு ஒரு முழ அகலம். கண் கூசும் வெள்ளை வெயில். பாதி தூரத்தில் வலது செருப்பு கறுத்த சேற்றில் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. நான் மட்டும் ஓரடி முன்னால் போய்விட்டேன். கொட்டகையிலிருந்து பத்துப் பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"மேடம், அந்தச் செருப்ப அங்கயே வுட்டுட்டு வாங்க, உப்பு வெளையட்டும்!" என்று குரல் கொடுத்தவள் மல்லிகா, அவர்களில் வயதில் சிறியவள், வாயில் பெரியவள். அவளே ஓடிவந்து செருப்பைப் பிடுங்கி, பாத்தித் தண்ணீரில் அலசி, என் கையில் கொடுத்தாள். ஒரு கையில் குடையும் மறுகையில் செருப்புமாக ஆய்வுக்காகக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

பனையோலைக் கொட்டகையின் நடுக்காலில் என் படம் கட்டியிருந்தது. உப்புக் காற்றில் கெடாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். என் வீட்டில்கூட அதை அவ்வளவு மரியாதையாக வைத்திருக்கவில்லை. அஞ்சலை ஒரு மூட்டை மேல் காலை நீட்டி உட்கார்ந்து, அங்கிருந்தே வேலை ஏவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து 'வாங்க' என்று தலையை மட்டும் அசைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோறு அவரவர் தூக்கில் இருக்கும். தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்ததை யாரும் தனியாக உண்பதில்லை; எல்லாருடையதும் எல்லாருக்கும். அஞ்சலைக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாள்முதல் அந்த வழக்கத்தில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். முதல் கரண்டி அவளுக்கு.

அஞ்சலை தூக்கைத் திறந்தாள். நான் கொடுத்த டம்ளர் அளவுக்குச் சோறு. அளந்து பார்த்தேன், அவள் சொன்னபடியே ஒரு பருக்கை மேலே இல்லை. பிறகு அவள் அதைத் தட்டில் கொட்ட, பத்துப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அக்காவுக்குச் சோறு கம்மி, காய நல்லா வைங்கடி!"

உருளைக்கிழங்கு வறுவல் ஒரு கரண்டி. மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தாளித்தது ஒரு கரண்டி. வாழைக்காய்ப் பொரியல். கருணைக்கிழங்கு மசியல். உருளையும் பட்டாணியும் போட்ட குருமா. மறுபடி உருளைக்கிழங்கு. மறுபடி மரவள்ளி. ஒருத்தி சர்க்கரைவள்ளிக்கிழங்கை எடுத்தபோது மட்டும் மல்லிகா அவள் கையைத் தட்டிவிட்டாள். "ஏய், பேர்லயே சர்க்கர கீது, அக்காவ கொல்லப் பாக்கறியா?"

சோற்றின் வெண்மை கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளர் சோற்றின் மேல் ஏறத்தாழ மூன்று டம்ளர் சோற்றுக்குச் சமமான மாவுச்சத்து குன்றாக நின்றது. கிழங்கிலும் வாழைக்காயிலும் பட்டாணியிலும் உள்ளது பெரும்பாலும் சோற்றில் உள்ள அதே மாவுச்சத்துதான் என்பதை எந்த முதலாண்டு மாணவியும் சொல்வாள். பத்துப் பேர் அன்பாகச் சேர்ந்து, நாள் தவறாமல், அவளுக்கு மூன்று மடங்கு சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கீரை, அவரைக்காய் எதுவும் இல்லையா?" என்றேன்.

"கீரைய வெடியக்காலைல கடஞ்சு எடுத்தாந்தா பன்னெண்டு மணிக்கு நொரச்சுப் போவுது மேடம்" என்றாள் ஒருத்தி. "கெழங்குதான் இந்த வெயிலுக்குத் தாங்கும்."

"ஆனால் இது காய் இல்லையே."

மல்லிகா தட்டை எட்டிப் பார்த்தாள். "காய் இல்லாம இன்னா மேடம், கல்லா?" பிறகு நடுக்காலைக் காட்டினாள். "தோ, உங்க படத்துலயே மொத காய் உருளைக்கெழங்குதான். அதுவும் மூணு. நாங்க உங்க படத்தப் பாத்துத்தான் ஆக்கறோம்."

பார்த்தேன். நசுங்கிய வட்டங்கள் மூன்று, மேலே புள்ளிகளோடு. அவற்றுக்குக் கீழே, காய் வயிறு நிறைய. அதற்கும் கீழே என் பெயர். பத்தடி தூரத்திலிருந்தும் படிக்க முடிந்தது.

அஞ்சலை சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லல. அப்படித்தானே மேடம்?"

"சொல்லல" என்றேன்.

எழுதும்போது அது ஒரு சொல். அன்று அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் மல்லிகா நான்கு வாய் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

பிறகு செருப்பைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். டம்ளர் என்பது சோற்றுக்கு மட்டும் அளவு அல்ல, சோற்றுக்கும் கிழங்குக்கும் சேர்த்து ஒரே அளவு என்று விளக்கினேன். கிழங்கு வேண்டுமென்றால் அரை டம்ளர் சோறு, அரை டம்ளர் கிழங்கு. முழு டம்ளர் சோறு உண்டால் அந்த வேளைக்குக் கிழங்கு கிடையாது. தட்டின் பாதியை வேறு காய் நிரப்ப வேண்டும். எந்தக் காய் நண்பகல்வரை கெடாது என்பதற்கு என் பாடத்தில் விடை இல்லை; அவர்களிடம் இருந்தது. கொத்தவரங்காய், அவரை, வெண்டை, கோவைக்காய் இவற்றைத் தேங்காய் போடாமல் சுருள வதக்கினால் தாங்கும் என்றார்கள். முருங்கைக்கீரையை மட்டும் தண்ணீர் விடாமல் வறட்டியெடுத்தால் ஒரு மணிவரை இருக்கும் என்றாள் அஞ்சலை. யார் எந்த நாள் எதைக் கொண்டுவருவது என்பதையும் அவளே அங்கேயே பங்கு போட்டாள். மேஸ்திரி அல்லவா.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது டாக்டர் எலிசபெத் குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மூடியைக் கழற்றிய பேனாவை அதன் மேல் வைத்தார். நான் அளவுகோலை எடுத்தேன்.

"மேடம்" என்றாள் அஞ்சலை. "படிச்சுட்டு அடிங்க."

ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அது அவ்வளவு கொடுமையாகத் தோன்றியிருக்கவில்லை. "நோயாளி உணவு ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. அவர் சொல்வது நம்பத்தக்கதாக இல்லை" என்று படித்தேன். செவிலியரும் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு ஒற்றைக் கோடு போட்டேன். மேலே எழுதினேன்: "உணவுப் படத்தை நோயாளி சரியாகக் கடைப்பிடித்தார். படம் தவறு." கையெழுத்தும் தேதியும் இட்டேன். அதையும் தமிழில் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"செரி" என்றாள். கதவருகே போய் நின்று திரும்பினாள். "வரேங்க மேடம்."

மூன்று வாரத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. பாண்டிச்சேரிப் பயணம் நின்றது. மாத்திரை, ஊசி, தினமும் மாற்றிய கட்டு, உப்புத் தண்ணீரில் கால் வைக்காமல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த வாரங்கள் என்று எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. கொத்தவரங்காய்க்கு மட்டும் மாலை போட வேண்டியதில்லை. மழை வந்து உப்பு வாருவது நின்ற சமயத்தில் புண் மூடியது. விரல் தப்பியது. நகம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை.

படத்தைத் திருத்துவது மீதி இருந்தது. பழைய பிரதிகளையெல்லாம் திரும்பப் பெற்று, திருத்திய புதுப் படத்தைச் சத்தமின்றி அனுப்பிவிடலாம் என்று டாக்டரிடம் யோசனை சொன்னேன். செலவும் அதிகமில்லை, யாருக்கும் குழப்பமும் இராது என்றேன்.

"வெள்ளை மையா, சரோஜினி?" என்றார் அவர்.

பேனாவைக்கூட மூடவில்லை.

சிவப்பு மைப் பேனாவும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஒவ்வொரு மையத்திலும், அங்கே இருப்பவர்களைக் கூட்டி வைத்து, உருளைக்கிழங்குகளின் குறுக்கே கோடு போட்டு, சோற்றுக் கால்பங்கில் ஒரே ஒரு சிறிய உருளைக்கிழங்கை வரைந்து, ஏன் என்று சொன்னேன். "இத யாரு வரஞ்சது?" என்று ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்டார். கீழே பெயர் இருந்தும் கேட்டார்கள்.

அதன் பிறகு மக்கள் நேர் எதிர் எல்லைக்கு ஓடினார்கள். பெரிய முதலியார்சாவடியில் காய்க்கடை வைத்திருந்த ஜமால் பாய் என்னை வழிமறித்தார்.

"மேடம், உருளைக்கெழங்கு உங்களுக்கு இன்னா துரோகம் பண்ணிச்சு? ஊரே அத ஹராம் மாதிரி பாக்குது. மூட்ட அப்படியே மொளச்சுக் கிடக்குது."

"நான் விலக்கச் சொல்லவில்லை பாய். இடம் மாற்றத்தான் சொன்னேன். அதில் நல்ல சத்தெல்லாம் இருக்கிறது. தோலோடு வேகவைத்து உண்ணலாம், தினமும்கூட உண்ணலாம். அந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும்."

"யா அல்லா, அத மொதல்லயே சொல்லக் கூடாதா? பிரியாணியில போடற கெழங்கு?"

"அதுவும் சோற்றுக் கணக்குதான் பாய்."

அவர் சற்று நேரம் யோசித்து, "பிரியாணியப் பத்தி நாம பேச வேணாம்" என்றார்.

இன்னொருவர் "கெழங்க சுத்தமா வுட்டுட்டேன் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். அதற்குப் பதிலாக என்ன உண்கிறீர்கள் என்றேன். "ரெண்டு கரண்டி சோறு கூட" என்றார். மண்ணுக்கு அடியில் விளைவது எதுவும் ஆகாது என்று ஒரு சட்டமும் எங்கிருந்தோ கிளம்பியது. அதன்படி பாவம் முள்ளங்கியும் கேரட்டும் சிறைக்குப் போயின. மரத்தில் காய்த்த புண்ணியத்தால் வாழைக்காய் விடுதலையானது. இந்தச் சட்டத்தை எதிர்த்து என் பணிக்காலத்தின் மிச்சம் முழுவதும் வாதாடினேன். இன்னும் தீர்ப்பு வரவில்லை. நிவேதா கையில் இருக்கும் புதிய உணவுத் தட்டில் கிழங்கு ஆரம்பத்திலேயே சோற்றின் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. படமும் மிக அழகாக இருக்கிறது. புடலங்காய் புடலங்காயாகவே இருக்கிறது.

அவள் செய்தி வந்த அதே வாரம், மரக்காணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். தை மாதம் என்பதால் சாலையோரம் முழுவதும் பனங்கிழங்குக் கட்டுகள். உப்பளத்தை விட்டுவிட்ட அஞ்சலை இப்போது பருவத்துக்கு ஏற்றதை விற்கிறாள். தையில் பனங்கிழங்கு, பிறகு நுங்கு. வேகவைத்த கிழங்கு ஒரு கட்டு கேட்டேன். கட்டைக் கையில் எடுத்தவள் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

"இத துன்ற அன்னிக்குச் சோறு?"

"தெரியும் அஞ்சலை. அதை ஊருக்குச் சொன்னவளே நான்தான்."

"அதான் கேக்கறேன். சோறு எவ்ளோ துன்றீங்க?"

"முக்கால் டம்ளர்."

என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பூ விற்கும் பெண்ணும் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. கல்யாணம், காதுகுத்துன்னு எங்கனாச்சும்…"

என் கடைசி ரத்தப் பரிசோதனையின் முடிவு கைப்பையில்தான் இருந்தது. அதை இந்த மலரில் வெளியிட வேண்டிய அவசியம் இல்லை.

"ஒன்றரை டம்ளர்" என்றேன்.

அஞ்சலை கட்டைப் பிரித்தாள். பாதிக் கிழங்கை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினாள். "இது போதும். அரை டம்ளர் சோறு. தலையத் தட்டி அளங்க."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, நிமிர்ந்தவாறே நடக்கத் தொடங்கினேன். நான்கடி போயிருப்பேன்.

"மேடம்" என்று குரல் வந்தது. "சொல்லிட்டுப் போங்க."

திரும்பினேன். செருப்புக்கு வெளியே அந்த நகமில்லாத விரல் சாலை மண்ணில் ஊன்றியிருந்தது.

"வரேன் அஞ்சலை" என்றேன்.